இலையெல்லாம் விரிந்திருந்தது

எண்ணிக்கை என்பது உலகத்துக்கு வந்து சேராத காலம். பறவையும் செடியும் நண்டும் ஒன்றாகக் கூடி ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்த காலம். அப்போது ஓர் ஏரிக்கரையில் ஒரு முள்செடி படர்ந்திருந்தது. இன்றைக்கு அந்தச் செடியைத் தெரியாதவர் இல்லை. அதைக் கண்டால் விரலை நீட்டாத பிள்ளை உண்டா? அன்றைக்கு அதன் பெயர் வேறு. கணக்குச்செடி என்று கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிட்டால் போதும், அதற்குத் தலைகால் புரியாது.

பெருமைப்படக் காரணமும் இருந்தது. 'ஒன்று, இரண்டு' என்று சொல்ல அப்போது யாருக்கும் தெரியாது. அந்தச் சொற்களே பிறக்கவில்லை. நண்டிடம் உனக்கு எத்தனை பிள்ளை என்று கேட்டால் "நிறைய" என்னும். கொக்கிடம் எத்தனை மீன் தின்றாய் என்று கேட்டால் "போதலை" என்னும். அதற்கு மேல் யாருக்கும் தேவைப்படவும் இல்லை.

கானாங்கோழிக்கு மட்டும் தேவைப்பட்டது. மார்பு வெள்ளை, முதுகு கறுப்பு, எந்நேரமும் வாலை ஆட்டியபடி ஓடுமே, அந்தக் கானாங்கோழிதான். அவளுடைய குஞ்சுகள் அடுப்புக்கரி போலக் கறுப்பு. பகலெல்லாம் கோரைக்குள் மேய்ந்துவிட்டு, பொழுது சாயும்போது கீரிக்குப் பயந்து முள்செடியின் அடியில் வந்து ஒண்டிக்கொள்ளும். தாய் நுழைய உள்ளே இடமில்லை. அவள் வெளியே நின்று ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். உள்ளேயிருந்து ஒவ்வொன்றும் "ம்மா" என்று குரல் கொடுக்கும். கடைசிப் பெயர் குறுணி. அது சவலைக் குஞ்சு, எதிலும் பின்தங்கித்தான் வரும். அதன் குரலைக் கேட்ட பிறகுதான் தாய் தலையைச் சாய்ப்பாள்.

"தினமும் எதுக்குடி இந்தக் கத்து கத்துறே?" என்றது செடி ஒருநாள். "தொண்டைதான் கிழியுது. நான் ஒரு வழி சொல்றேன் கேளு. காலையில வெளியே போறப்ப ஒவ்வொரு குஞ்சும் என் இலை ஒவ்வொண்ணா இல்லாம தனக்குன்னு ஒரு இலையை அலகால தொட்டுட்டுப் போகட்டும். அந்த இலையை நான் மூடி வச்சுக்கிறேன். திரும்பி வர்றப்ப மூடின இலையைத் தொடட்டும். நான் விரிச்சிடுறேன். சாயங்காலம் என் இலையெல்லாம் விரிஞ்சிருந்தா உன் பிள்ளைங்க எல்லாம் வந்தாச்சு. மூடின இலை இருந்தா யாரோ வரலை. அவ்வளவுதான்!"

கானாங்கோழி அசந்துபோனாள். ஏரியே அசந்துபோனது. உலகத்தின் முதல் கணக்கு அதுதான் என்று சொல்லலாம்.

நண்டு மட்டும் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு வந்தது. அதற்கு எதையும் நோண்டாமல் இருக்க முடியாது.

"ஏன்க்கா, குஞ்சுக்குப் பதிலா ஒரு கூழாங்கல் உருண்டு வந்து பட்டாலும் இலை விரியுமா?"

"விரியும்."

"அப்ப உன் இலைக்குக் குஞ்சும் கூழாங்கல்லும் சரிசமமா?"

"என் கணக்குக்கு எல்லாம் சரிசமம்தான். அதுதான்டா கணக்கோட அழகு. அது மூஞ்சியைப் பார்க்காது, குரலைப் பார்க்காது, நல்லவனா கெட்டவனான்னு பார்க்காது. கண்ணு பொய் சொல்லும், காது பொய் சொல்லும். இலை பொய் சொல்லாது."

"அது சரி, அந்தக் கணக்கு எங்கே இருக்கு? உன் இலையிலயா, அவ குஞ்சுகள்லயா?"

செடிக்குச் சுருக்கென்றது. பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல அதற்கு வாய் வருமா? "சேத்துல கிடக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்கு? போடா, போய் வளையைத் தோண்டு" என்று விரட்டிவிட்டது.

நாள் போகப் போகக் கானாங்கோழி பிள்ளைகளைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். சாயங்காலம் வருவாள், செடியை ஒரு பார்வை பார்ப்பாள், இலையெல்லாம் விரிந்திருந்தால் நிம்மதியாகப் படுத்துவிடுவாள். பிள்ளைகளும் பதில் குரல் கொடுப்பதை மறந்துபோயின.

ஐப்பசியில் ஒருநாள் மதியத்துக்கு மேல் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சூறைக்காற்று கோரையைத் தரையோடு படுக்க வைத்தது. ஏரியில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. குஞ்சுகள் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தன. ஒவ்வொன்றும் ஓர் இலையைத் தொட்டுவிட்டு உள்ளே பாய்ந்தது. அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக, அதே ஏரியில் நீந்தும் வேறொரு பறவையான தாழைக்கோழியின் குஞ்சும் வந்தது. அதுவும் கறுப்புதான். பயந்த பிள்ளை, வழி தவறிவிட்டது. முன்னால் போனவர்கள் இலையைத் தொடுவதைப் பார்த்து, மூடியபடி மிச்சமிருந்த இலையைத் தானும் தொட்டுவிட்டு உள்ளே போனது.

இலை விரிந்தது. செடி யார் எவர் என்று பார்க்கவில்லை. என்றைக்குப் பார்த்தது, அன்றைக்குப் பார்க்க?

கானாங்கோழி மழையில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தாள். இலையெல்லாம் விரிந்திருந்தது. ஆனாலும் அவள் படுக்கவில்லை. கோரைப் பக்கமே கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அந்தப் பக்கம் குறுணி குரல் மாதிரி கேட்குது."

"காத்துடி அது."

"இல்லக்கா, 'ம்மா'ங்கிற மாதிரியே இருக்கு. ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடவா? இல்லாட்டி உள்ளே இருக்கிறவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கவா?"

செடிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என் இலையைப் பாரு. மூடின இலை எங்கேயாவது இருக்கா? இத்தனை நாள்ல ஒருநாளாவது தப்பியிருக்கேனா? இப்ப உன் காது பெரிசாப் போச்சா? போறதுன்னா போ. நாளையிலேர்ந்து வேற இடம் பார்த்துக்க."

கானாங்கோழி அந்தக் குரலைக் கேட்டாள். இலையைப் பார்த்தாள். மறுபடியும் குரலைக் கேட்டாள். பெற்றவள் காதைவிட இலைதானே பெரியது என்று எல்லாரும் சொல்கிறார்கள்! அவள் சிறகை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் குரல் கேட்கவில்லை. பார்த்தாயா, காற்றுதான் என்றது செடி.

மழை விட்டதும் ஒரு தாழைக்கோழி தள்ளாடியபடி கரையேறி வந்தாள். "எம் பையன் இந்தப் பக்கம் வந்தானா? யாராவது பார்த்தீங்களா?" என்று கூவினாள். அடுத்த நொடி முள்ளுக்கடியிலிருந்து ஒரு கறுப்புக் குஞ்சு வெளியே வந்து, "ம்மா!" என்று அவள் சிறகுக்குள் புகுந்துகொண்டது.

இலையெல்லாம் விரிந்தபடியே இருந்தது.

கானாங்கோழி கோரைக்குள் ஓடினாள். ஏரி முழுக்கக் கேட்கும்படி குறுணி, குறுணி என்று கத்தினாள். கோரை இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. தேடித் தேடி, இனித் தேட இடமில்லை என்றான பிறகு திரும்பி வந்து செடிக்கு முன்னால் நின்றாள். கொக்கு, நண்டு, தவளை எல்லாரும் கூடிவிட்டார்கள்.

அவள் திட்டியிருந்தால் செடி பிழைத்திருக்கும். அவள் திட்டவில்லை. சும்மா நின்றாள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் செடி வாயைத் திறந்தது. சொல்லவே கூசுகிறது, ஆனாலும் அது சொன்னதைச் சொல்லித்தானே ஆகவேண்டும்.

"என் மேல தப்பில்லையே. கணக்கு சரியாத்தானே இருந்தது? போனது எத்தனையோ, வந்தது அத்தனை."

கானாங்கோழி நிமிர்ந்து பார்த்தாள்.

"சரியாத்தான் இருந்ததுக்கா. ஆனா நான் உன்கிட்ட எத்தனைன்னா கேட்டேன்? என் பிள்ளைங்க வந்துட்டாங்களான்னுதானே கேட்டேன்?"

பிறகு அவள் கோரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உன்னைச் சொல்லி என்ன? என் பிள்ளை கூப்பிட்டது என் காதுல விழுந்தது. நான்தான் போகலை."

அப்போதுதான் செடிக்குத் தான் பேசியது தன் காதிலேயே விழுந்தது. குஞ்சு தண்ணீரோடு போயிருக்கும்போது கணக்கு சரி என்று சொல்லியிருக்கிறோம்! அதுவும் பெற்றவள் முகத்துக்கு நேராக! அந்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது? செடிக்கு ஓடி ஒளியக் கால் இல்லை. மண்ணும் பிளந்து இடம் கொடுக்கவில்லை. நண்டாவது ஏதாவது குத்தலாகச் சொல்லும் என்று பார்த்தது. நண்டும் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து, விவரம் தெரியாத ஒரு குஞ்சு வழக்கம்போல வந்து இலையைத் தொட்டது. செடி கூனிக் குறுகியது. அந்த ஓர் இலை மட்டுமில்லை, பக்கத்து இலை, அதற்கடுத்த இலை என்று எல்லாம் கைகூப்பியதுபோல மூடிக்கொண்டன. காம்பும் தலைகுனிந்தது.

கானாங்கோழி அதன் பிறகு எந்தக் கணக்கையும் நம்பவில்லை. மழைக்காலத்தில் ஏரிப் பக்கம் போனால் கேட்கலாம். வாய் ஓயாமல் கத்திக்கொண்டே இருப்பாள், ஒவ்வொரு பிள்ளையாக.

செடியை நாம் இன்றைக்குத் தொட்டாற்சுருங்கி என்கிறோம். யார் விரல் பட்டாலும், பிள்ளைகள் வந்துவிட்டார்களா என்று கேட்கிறார்கள் என்றே அது நினைத்துக்கொள்கிறது. பதில் சொல்ல முகமில்லாமல் மூடிக்கொள்கிறது. அந்த மழை நாளுக்குப் பிறகுதான், பொழுது சாய்ந்து குஞ்சுகள் வீடு திரும்பும் நேரமானால், யாரும் தொடாமலேயே தன் இலையை எல்லாம் மூடிக்கொள்ளவும் ஆரம்பித்தது.