அடுப்படிச் சாமி

மலையடிவாரத்து மடம் ஒன்றில் சாமி ஒருவர் இருந்தார். பாடம் சொல்லும்போது நல்லதாக ஒரு வாக்கியம் விழுந்தால், உடனே இடப்பக்கம் திரும்பி, "என்னப்பா, சரிதானே?" என்பார். அந்தப் பக்கம் யாரும் உட்காருவதில்லை. ஒரு தூண்தான் இருக்கும். தங்களைத்தான் கேட்கிறார் என்று சீடர்கள் எல்லாரும் ஒரே குரலில், "ஆமாம் சாமி!" என்பார்கள். காசா பணமா, தலையாட்டத்தானே!

சீடர்களில் சிங்காரம் என்று ஒருவர். நாற்பது வயதுக்கு மேல், மனைவியும் போய், வேறு போக்கிடம் இல்லாமல் வந்து சேர்ந்தவர். அடுப்படியில் காய் நறுக்கும்போது சாமி மாதிரியே நடித்துக் காட்டுவார். கரண்டியைக் கம்பு போல ஊன்றிக்கொண்டு, ரெண்டு இருமல் இருமி, கழுத்தை வெடுக்கென்று இடப்பக்கம் திருப்பி, அங்கே கிடக்கும் பூசணிக்காயிடம், "என்னப்பா, சரிதானே?" என்பார். சிரித்துச் சிரித்து எல்லாருக்கும் வயிறு புண்ணாகிவிடும்.

ஒரு நாள் சிரிப்பு சட்டென்று நின்றது. வாசலில் சாமி நின்றிருந்தார்.

சிங்காரம் கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். மடத்தை விட்டுப் போ என்றால் எங்கே போவது?

"மன்னிச்சிடுங்க சாமி. கேலி பண்றது பாவமா?"

"செஞ்சு காட்டு, பார்ப்போம்."

"சாமி..."

"அட, காட்டுப்பா."

சிங்காரம் கரண்டியை ஊன்றினார். இருமினார். பூசணிக்காயிடம் திரும்பிக் கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. சாமிதான் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் தண்ணீர் நிற்கவில்லை.

"அந்தத் தூண்கிட்ட குப்பாண்டின்னு ஒருத்தன் உட்கார்ந்திருப்பான். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இங்க வந்தோம். நான் பேசி முடிச்சதும் என்னை மாதிரியே இருமிக் காட்டுவான். அதுல நான் சும்மா கதை அளந்தது எதுன்னு எனக்கே தெரிஞ்சு போயிடும்."

"அவர் இப்ப எங்கே சாமி?"

"செத்துப் பல வருஷமாச்சு. அப்புறம் எதைக் கேட்டாலும் 'ஆமாம் சாமி'தான்."

சிங்காரம் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இனிமே அடுப்படியில இப்படிச் செய்ய மாட்டேன் சாமி."

"செய்யாதே," என்றார் சாமி. "நாளைக்கு அந்தத் தூண்கிட்ட வந்து உட்காரு. என் மூஞ்சிக்கு நேரா செய்."