ஒட்டக தேசத்து மாமன்

ஒரே ஒரு ஊர்ல, கூடப் பொறந்தவங்கன்னு யாருமே இல்லாத ஒரு அம்மா இருந்தா. பேரு செங்கமலம். ஊரு பேரு ஆலங்கரை. அவளுக்கு ஒரு பொண்ணு, உன் வயசுதான், பேரு கனகு. நடுவுல எந்திரிச்சு தண்ணி கேட்டேன்னா கதையை அங்கேயே நிறுத்திடுவேன், பாத்துக்க. ம் சொல்லு.

ம்.

அந்தக் கனகுக்குக் காது குத்தணும். கோயில் திருவிழாவுக்கு நாள் குறிச்சாச்சு. ஆசாரிக்குச் சொல்லியாச்சு. கெடா விருந்துக்குக் கெடாவும் கட்டியாச்சு, அது பாட்டுக்கு வாசல்ல மே மேன்னு கத்திட்டு இருக்கு. எல்லாம் இருக்கு, மடி மட்டும் இல்ல.

எந்த மடி?

தாய்மாமன் மடி. அதுல உக்கார வச்சுத்தான் காது குத்தணும். செங்கமலத்துக்குத்தான் அண்ணன் தம்பி இல்லையே, மாமனுக்கு எங்க போவா?

அப்பா மடியில உக்காரலாம்ல, மாமா?

உக்காரலாம், ஒண்ணும் ஆகாது. ஆனா வழக்கம் அப்படி இல்ல. கட்டிக்கிட்டு வந்த பொண்ணு அவ வீட்டை விட்டுட்டு வர்றாளா, அந்த வீடு அவளை மறக்கலைன்னு ஊருக்குக் காட்டணும். அதுக்குத்தான் என்னைய மாதிரி ஒருத்தன் தட்டு நெறைய சீர் தூக்கிட்டு வந்து, சட்டமா சம்மணம் போட்டு உக்கார்றது. இவளுக்குப் பின்னால ஆள் இருக்குடான்னு அர்த்தம்.

செங்கமலத்தோட மாமியா காத்தாயி இருக்காளே, வாய்க்காரி. அவ என்ன சொன்னா தெரியுமா? "மாமன் கெடைக்கலைன்னா என் தம்பி மடியில வச்சுக் குத்துவோம். ஆனா சபையில சொல்லித்தான் உக்கார வைப்பேன், இவளுக்கு நாதி இல்லைன்னு."

செங்கமலம் நெனைச்சுப் பாத்தா. புள்ளை காதுல விழற மாதிரி அதை ஊருக்கு முன்னாடி சொல்லிட்டா, அப்புறம் ஆயுசுக்கும் அதே பேச்சுதான். சரி, ஒரு மடி கேட்டு வாங்குவோம்னு கெளம்பிட்டா.

மொதல்ல பண்ணையார் வீடு. "அண்ணே, ஒரு நிமிஷம் என் புள்ளைய மடியில வச்சுக்கங்கண்ணே." அவரு சர்ருனு ரெண்டு காலையும் மடக்கி நாற்காலிக்கு அடியில ஒளிச்சுக்கிட்டாரு. "காதுகுத்துக்குச் சீர் வச்சா சடங்குக்கு வைக்கணும், சடங்குக்கு வச்சா கல்யாணத்துக்கு வைக்கணும். ஆள விடு தாயி." கதவு டமார்.

ம்.

அப்புறம் சிலம்பம் வாத்தியார் வீடு. மீசை இந்தா இவ்வளவு பெருசு. "தூக்கிட்டு வா புள்ளைய, நான் இருக்கேன்!"னாரு. அப்போ செங்கமலம், ஆசாரி ஊசி இவ்வளவு நீளம் இருக்கும்னு வெரல வச்சுக் காட்டினா. வாத்தியார் கண்ணு கிர்ருனு சுத்தி, தொபுக்கடீர்னு விழுந்துட்டாரு. தண்ணி தெளிச்சு எழுப்பினா, "நான் வேணா பந்தல் போட்டுத் தர்றேன்"ங்கிறாரு.

சிரிக்காத, தூக்கம் போயிடும்.

அப்புறம் பூசாரிகிட்ட போனா. "நான் ஊருக்கே பொதுவான ஆளும்மா. உன் புள்ளைய உக்கார வச்சா நாளைக்கு ஊர்ல இருக்கிற வாண்டெல்லாம் வந்து ஏறும். எனக்கு மூட்டு வலி"ன்னுட்டாரு.

முடிஞ்சுது. திருவிழாவும் வந்துடுச்சு. டண்டணக்க டண்டணக்கன்னு மேளம். செங்கமலம் முகத்தைக் கழுவிட்டு, வெறுங்கையோட நிக்கக் கூடாதேன்னு கோயில் வாசல்ல வளையல் போட உக்காந்தா. வளையல்காரன் நம்ம பக்கத்து ஆள் கெடையாது. ஒட்டகம் நடக்கிற மணல் தேசத்துல இருந்து வந்தவன். பேரு மாங்கிலால். தலையில பூசணிக்கா அளவுக்கு ஒரு பாகை. சலங் சலங்னு வளையலை மாட்டிக்கிட்டே சொன்னான், "அழக் கூடாது. கை ஆடுது, வளையல் உடையும்."

அவளுக்கு அதுக்கு மேல தாங்கல. எல்லாத்தையும் கொட்டிட்டா. அவனுக்குப் பாதிதான் புரிஞ்சுது, ஆனா முக்கியமான பாதி.

"எங்க ஊர்ல ஆவணி பௌர்ணமி வரும். தங்கச்சி அண்ணன் கையில நூல் கட்டும். கூடப் பொறக்கல, பரவால்ல. நூல் கட்டினா அண்ணன்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் தங்கச்சி புள்ளைக்கு நல்லது நடந்தா மாமாதான் சீர் கொண்டு போகணும். எங்க ஊர்லயும் மாமாவுக்குப் பேரு மாமாதான்."

செங்கமலம் யோசிக்கவே இல்ல. முந்தானை நுனியைப் பர்ருனு கிழிச்சா. அவன் கையைப் பிடிச்சா. இத்தனை வருசமா அவன் எத்தனையோ பொம்பளைங்க கையைப் பிடிச்சு வளையல் மாட்டியிருக்கான், அவன் கையை யாரும் பிடிச்சதில்ல. நீட்டினபடியே நின்னுட்டான். கட்டிட்டா.

தூங்கிட்டியா?

இல்ல... ம்.

அப்போ பந்தல்ல காத்தாயியோட தம்பி வேட்டியைச் சுருட்டிக்கிட்டு உக்காரப் போறான். காத்தாயி தொண்டையைக் கனைச்சுட்டு, "எல்லாரும் கேட்டுக்குங்க, என் மருமகளுக்கு..."ன்னு ஆரம்பிச்சா. செங்கமலம் கூட்டத்தை இடிச்சுத் தள்ளிட்டு வந்தா. "நிறுத்துங்க அத்தை. எங்க அண்ணன் வந்திருக்கு."

கூட்டம் கொல்லுனு சிரிச்சுது. காத்தாயி பாகையை ஏற இறங்கப் பாத்தா. "பாஷையே தெரியாதவன் என்னடி மாமன்?"

மாங்கிலால் சொன்னான், "பாஷை கத்துக்குவேன். புள்ள அழுதா இப்பவே புரியும்."

"சீர் எங்கய்யா?"

அவன் வளையல் பெட்டி மூடியைக் கழட்டிக் கவுத்து வச்சான். அதுதான் தட்டு. பச்சை, சிவப்பு, மாம்பழக் கலருன்னு அடுக்கினான்.

"அது சரி, காதுக்கு என்ன போடுவே? கண்ணாடி வளையலையா?"

அவன் மெல்லப் பாகையை அவுத்தான். ரெண்டு காதுலயும் குட்டிக் குட்டியா தங்க வளையம். அவங்க ஊர்ல ஆம்பளைங்களும் போடுவாங்க. ஒவ்வொண்ணாக் கழட்டி மூடியில வச்சான், டிங் டிங்னு. கூட்டத்துல ஒரு பய சிரிக்கல. ஆசாரி அதை டொக் டொக்குனு தட்டி இன்னும் சின்னதாக்கினாரு.

அப்புறம் அவன் சம்மணம் போட்டு உக்காந்தான். கனகு அம்மா சேலையைப் பிடிச்சுக்கிட்டு வர மாட்டேங்குறா. அவன் வெறுங்காதைத் திருப்பிக் காட்டினான். "பாரு, ஓட்டை. எங்க மாமா மடியில வச்சுதான் குத்தினாங்க."

"வலிச்சுதா?"

"வலிச்சுது. எங்க மாமா தொடையை நல்லாக் கடிச்சு வச்சேன்."

கனகு போய் உக்காந்துட்டா. ஆசாரி குத்தினாரு. வீல்! வலிக்காதுன்னு உன்கிட்ட எவனாவது சொன்னா நம்பாத. வலிக்கும், உடனே போயிடும். "மாமா! மாமா!"ன்னு கத்திக்கிட்டே அவ நிஜமாவே கடிச்சுட்டா. அவன் நகரவே இல்ல. ஆனா கண்ணுல இருந்து பொலபொலன்னு தண்ணி. கடிச்சதுக்கா, அத்தனை தடவை மாமான்னு கூப்பிட்டதுக்கா, அதெல்லாம் எனக்குத் தெரியாது.

காத்தாயி கூட்டத்தை விலக்கிட்டு முன்னால வந்தா. அப்புறம் குங்குமத்தை எடுத்து அவன் நெத்தியில இட்டா. "வாங்க தம்பி, இலை போட்டாச்சு, சாப்பிடுங்க. கறி ஆகாதுன்னா சாம்பாரும் இருக்கு."

பந்தியில மொத இலை மாமனுக்குத்தான். செங்கமலம் சோத்து வாளியோட வந்தா. ஊரே வரிசையா உக்காந்திருக்கு, பண்ணையாரும் உக்காந்திருக்காரு. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சத்தமாச் சொன்னா, "எங்க அண்ணனுக்கு மொதல்ல போடுறேன், மத்தவங்க பொறுங்க."

அண்ணன் சாப்பிட்டாச்சு, பந்தியும் எந்திரிச்சாச்சு, கதையும் காலி. கண்ணை மூடு.