முந்தி வந்த பவளவல்லி

பினாங்குக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே இரண்டு நீராவிக் கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்த காலம். மூத்தவள் பவளவல்லி, இளையவள் செந்தாமரை.

தபால் மூட்டைகள் செந்தாமரைக்குத்தான். அவள் புகை தெரிந்தாலே நாகப்பட்டினம் கடற்கரையில் கூட்டம் கூடிவிடும். பவளவல்லி வந்தால் அவள் சுமந்துவரும் ஊறல் பாக்கை எடுக்க வியாபாரிகள் நாலு பேர் வருவார்கள், அதுவும் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு.

"என்னத்தைப் பெரிய வேகம்! எனக்கும் நல்ல கரியாகப் போட்டுப் பாருங்களேன்!" என்று பவளவல்லி பொருமிக்கொண்டே இருப்பாள். அவள் நச்சரிப்புத் தாங்காமல், "இந்தத் தடவை தபாலை நீயே கொண்டுபோய்த் தொலை" என்றது பினாங்குத் தபால் ஆபீஸ்.

புறப்படும் நாள் வந்தது. மூட்டைகள் வரவேண்டிய ரயிலைத்தான் காணோம். அந்த நேரம் பார்த்துச் செந்தாமரையின் புகைபோக்கியில் புகை எழுந்தது.

"கிளம்பிட்டா பார்! முந்திப் போய் நின்றுகொண்டு, அக்கா மெதுவா வருவாங்கன்னு இளிப்பா!" என்று கொதித்தாள் பவளவல்லி.

"அவள் உலையைத்தானே மூட்டுகிறாள்? நமக்கு மூட்டையே ஏறவில்லையேம்மா" என்றது அவளுடைய நங்கூரம்.

"நீ யார் பக்கம்? மூட்டை எங்கேயும் ஓடிவிடாது. ஏறு மேலே!"

கிளம்பிவிட்டாள். வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். செந்தாமரையின் புகை கண்ணில் படவே இல்லை. பூரித்துப்போனாள்.

இந்த வாரத் தபால் பவளவல்லியில் வருகிறது என்று தந்தி வந்து ஊரெல்லாம் தெரிந்திருந்ததால், நாகப்பட்டினத்தில் கரை கொள்ளாத கூட்டம். எல்லாம் தனக்காக! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

தபால்காரர் படகில் வந்தார். "மூட்டை எங்கேம்மா?"

"நான்தான் முதலில் வந்தேன், பார்த்தீர்களா?"

"பார்த்தேன், பார்த்தேன். என்ன கொண்டுவந்தாய்?"

"...பாக்கு."

கூட்டத்தில் சவுரியம்மாள் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். அவள் புருஷன் பினாங்கில் காய்ச்சலாகக் கிடப்பதாக வந்ததுதான் கடைசிக் கடிதம்.

"அந்த மனுஷன் பிழைச்சாரா இல்லையான்னு தெரியாம நிக்கிறேன். பாக்கா கொண்டாந்தே, பாக்கு!"



அப்போது தொலைவில் ஒரு கோடு புகை. ரயில் வரும்வரை நின்று, அக்கா விட்டுவந்த மூட்டைகளை எல்லாம் ஏற்றிக்கொண்டு செந்தாமரை வந்துகொண்டிருந்தாள். கரையே குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்த்தது.

"ஏம்மா, கொஞ்சம் தள்ளித்தான் நில்லேன்" என்றாள் சவுரியம்மாள், பவளவல்லியைப் பார்த்து. "கப்பல் வருது. மறைக்கிறியே!"