முதுகில் மண்

விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் ஒரே பேச்சு இருந்த அந்தக் காலத்தில், மலையடிக் காட்டில் ஒரு கோதா இருந்தது. மல்லுக்கட்டுவதற்கென்றே காட்டுப்பன்றிகள் கல்லும் வேரும் பொறுக்கிக் கிளறிப்போட்ட செம்மண் குழி. அங்கே சட்டம் ஒன்றுதான்: முதுகில் மண் ஒட்டினவர் தோற்றவர். ஆட்டம் முடிந்ததும் மைனா பறந்து வந்து முதுகைப் பார்க்கும். மண் இருந்தால் "மண்ணு!" என்று கத்தும். இல்லையென்றால் "முதுகு சுத்தம்!" என்று கூவும். மைனா சொன்னால் சொன்னதுதான்.

அந்தக் கோதாவில் தோல்வியே காணாதவர் கருங்குன்றன் என்ற யானை. அவ்வளவு பெரிய உருவத்தை அதற்கு முன் காடு பார்த்ததில்லை. அவர் எழுந்து நின்றால் பின்னால் இருப்பவர்களுக்கு மலை தெரியாது. ஆனால் அவரைக் காட்டுக்குப் பிடித்துப்போனது உடம்புக்காக மட்டும் அல்ல. இறங்குமுன் குழியை ஒரு சுற்று சுற்றி வருவார். "தவளைங்க யாராச்சும் இருந்தா தள்ளிக்குங்கப்பா, என் கால் போற இடம் எனக்கே தெரியாது" என்பார். ஜெயித்த பிறகு, கீழே கிடப்பவரைத் தும்பிக்கையால் தூக்கி நிறுத்தி, முதுகு மண்ணைத் தாமே தட்டிவிடுவார். அவரிடம் தோற்றதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் பலர். கரடி பல நாள் தன் முதுகைக் கழுவவேயில்லை.

எல்லோருக்கும் அவர் பெரியண்ணன். அவர் மனைவி ஆம்பல் எல்லோருக்கும் மதினி.

காலம் போனது. பெரியண்ணனின் முழங்கால்கள் வீங்கத் தொடங்கின. அவ்வளவு பெரிய உடம்பைச் சுமந்தது அந்தக் கால்கள்தானே. குட்டி சேந்தன் பிறந்த மழைக்காலத்தில், ஒரு மத்தியானம் அவர் ஆற்றங்கரைப் புல்லில் மெல்லச் சாய்ந்து படுத்தார். தூங்குவதற்குத்தான். அந்த வழியே போன முயல் பார்த்துவிட்டது.

"ஐயோ, பெரியண்ணன் விழுந்துட்டாரு! முதுகு தரையில படுது!"

காடே ஓடி வந்தது. தவளைகள் வாய்விட்டு அழுதன. கருங்குன்றன் கூச்சத்தோடு எழுந்து நின்றார்.

"முதுகு அரிச்சுது, புல்லுல தேச்சுக்கிட்டேன். அதுக்கு இவ்வளவு கூட்டமா?" என்று சிரித்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். ரசிகர்களுக்கெல்லாம் தலைவனான குரங்கு மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணே, அரிச்சா எங்ககிட்ட சொல்லுங்க, சொறிஞ்சு விடறோம். கீழ மட்டும் சாஞ்சிடாதீங்க. எங்களால பாக்க முடியாது."

அதன் பிறகு அவர் படுக்கவில்லை. படுக்கவும் விடவில்லை. எல்லாம் அன்பால்தான். முறைவைத்துக்கொண்டு அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவருக்குக் கண் சொக்கினால் பாட்டுப் பாடினார்கள். முட்டி மடங்கினால் "முதுகு சுத்தம்! முதுகு சுத்தம்!" என்று கத்தினார்கள். அந்தக் குரலுக்கு அவரும் நிமிர்ந்துவிடுவார்.

ஆம்பல் குரங்கைத் தேடிப் போனாள்.

"தம்பி, ஒரு பொழுது அவரைப் படுக்க விடுங்க. நீங்க எல்லாம் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாலே போதும்."

"என்ன மதினி இப்படிச் சொல்லிட்டீங்க? அவர் படுத்தா நாங்க எல்லாரும் படுத்த மாதிரி."

"நீங்க எல்லாரும் தினமும் படுக்கிறீங்களே."

குரங்கு தலையைச் சொறிந்தது. "அது வேற, மதினி."

கணவரிடமும் கேட்டுப் பார்த்தாள். "நீங்களாவது அவங்ககிட்ட சொல்லக்கூடாதா?"

"அந்த முகங்களைப் பாரு" என்றார் அவர். "தவளைப் பய கூட எனக்காகக் கண் முழிச்சிருக்கான். எப்படிப் படுக்கிறது?"

ஆம்பலைப் பயம் பிடித்துக்கொண்டது. குட்டியைக் கால்களுக்கிடையில் நிறுத்திக்கொண்டு, அவர் மூச்சு ஏறுவதையும் இறங்குவதையும் கேட்டபடியே இருப்பாள். ஒரு மூச்சு கொஞ்சம் தாமதமானாலும் தும்பிக்கையை நீட்டி அவரைத் தொட்டுப் பார்ப்பாள்.

கோடை வந்தது. கோதாவில் திருவிழா. பெரியண்ணன் இறங்காமல் திருவிழாவா? எதிரே ஓர் இளம் காட்டெருமை. கட்டிப் பிடித்ததுமே அதற்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அண்ணே, இப்படி இரைக்குதே" என்று காதோரம் சொன்னது. "நானே விழுந்துடறேன்."

"விழறதுன்னா நல்லா விழுடா. அவங்க எங்கெங்கேயிருந்தோ வந்திருக்காங்க."

காட்டெருமை நன்றாகவே விழுந்தது. கருங்குன்றன் வழக்கம்போலத் தும்பிக்கையை நீட்டினார். தூக்க முடியவில்லை. காட்டெருமை தானாகவே எழுந்து, அவர் தூக்கிவிட்டது போலக் காட்டிக்கொண்டது. அவர் அதன் முதுகைத் தட்டிவிட்டார். பிறகு நடந்துபோய், குழியோரத்து மருத மரத்தில் தோளைச் சாய்த்து நின்றார்.

"முதுகு சுத்தம்!" என்று மைனா கூவியது. கூட்டம் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஆடியது, பாடியது. பொழுது சாயும்வரை ஓயவில்லை. "இன்னொரு தடவை சொல்லு மைனா!" என்று குரங்கு கேட்டது. மைனா அவர் முதுகில் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்தது பேசவில்லை.

"என்ன, சொல்லேன்!"

"சில்லுன்னு இருக்கு" என்றது மைனா.

யாருக்கும் புரியவில்லை. "முதுகு சுத்தம்தானே?" என்று ஒரு குரல் கேட்டது.

"சுத்தம்தான்."

அப்போதுதான் அவரைப் படுக்க வைத்தார்கள். காட்டெருமைகளும் கரடிகளும் சேர்ந்து சாய்த்தன. படுக்க வைத்த பிறகுதான் அந்த முகத்தில் எவ்வளவு களைப்பு இருந்தது என்று தெரிந்தது. அவர் நின்றுகொண்டிருந்த நாளெல்லாம் அந்த முகம் அவர்கள் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

மறு கோடையில் அவரை நினைத்துக்கொள்ள எல்லோரும் கோதாவைச் சுற்றிக் கூடினார்கள். ஆம்பலும் சேந்தனோடு வந்தாள். வராமல் இருக்க முடியுமா?

"என்னைத் தூக்கி நிறுத்திட்டு, சாப்பிட்டியான்னு கேட்டாரு, தெரியுமா?" என்றது கரடி.

"உன்கிட்ட மட்டுமா? என்கிட்ட ரெண்டு தடவை கேட்டிருக்காரு" என்றது ஒரு கிழக் காட்டெருமை.

"நீ ரெண்டு தடவை தோத்தே!"

சிரிப்பு எழுந்து மெல்ல அடங்கியது. அந்த அமைதியில் தவளை சொன்னது: "அன்னைக்கு ஆத்தங்கரையில நான் அழாம இருந்திருக்கலாம்."

முயல் தலையைக் குனிந்துகொண்டது. தாங்க முடியாமல் குரங்கு கண்ணை வேறு பக்கம் திருப்பியது. பார்வை சேந்தன் மேல் போய் நின்றது.

"தோளைப் பாருங்கடா" என்றது குரங்கு. "அப்படியே அண்ணன்!"

எல்லோரும் பார்த்தார்கள். எல்லா முகத்திலும் ஒரு வெளிச்சம்.

"சும்மா குழியை ஒரு சுத்து சுத்தி வரட்டும் மதினி. நாங்க கண்ணால பாத்துக்கறோம். அவ்வளவுதான்."

"அவன் இன்னும் பால் மறக்கலை" என்றாள் ஆம்பல்.

"மல்லுக்கட்டவா கூப்பிடறோம்? நடக்கத்தானே!"

சேந்தனுக்கு ஒரே சந்தோஷம். "அம்மா, இறங்கட்டுமா? தவளைங்களைத் தள்ளிக்கச் சொல்லட்டுமா?"

கூட்டம் சிரித்தது. சிரித்துக்கொண்டே அழுதது. யாரோ மெதுவாகத் தொடங்கினார்கள்: "முதுகு சுத்தம்..." இன்னொரு குரல் சேர்ந்தது. குட்டி அந்தக் குரலுக்கு நிமிர்ந்தான். அவன் அப்பா நிமிர்ந்தது போலவே.

ஆம்பல் அந்த நிமிர்வைப் பார்த்தாள்.

கோதாவில் இறங்கினாள். தும்பிக்கை நிறைய மண்ணை அள்ளினாள். அள்ளிய மண்ணை மகனின் முதுகில் வீசினாள். சேந்தன் திடுக்கிட்டு, "அம்மா!" என்று கத்தினான். இன்னொரு தடவை மண்ணை வாரித் தன் முதுகிலும் போட்டுக்கொண்டாள்.

"மதினி, என்ன பண்றீங்க!" குரங்கு ஓடி வந்தது.

அவள் குரங்கைப் பார்க்கவில்லை. "மைனா, இங்கே வா. வந்து பாரு. பார்த்ததைச் சொல்லு."

மைனா தயங்கியது. கூட்டத்தைப் பார்த்தது. பிறகு பறந்து வந்து குட்டியின் சின்ன முதுகில் உட்கார்ந்தது. அந்த முதுகு சூடாக இருந்தது, மூச்சுக்கு மூச்சு அசைந்தது.

"மண்ணு" என்றது மைனா. பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக, "மண்ணு!" என்றது.

"கேட்டுதா?" என்றாள் ஆம்பல். "என் பிள்ளை தோத்துட்டான். இனிமே அவன் தூக்கம் வந்தா படுப்பான். போங்க, எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

முதலில் தவளை போனது. கரடி போனது. குரங்குதான் கடைசி. போகும்போது குட்டியின் முதுகைத் தட்டிவிடக் கையை நீட்டி, பிறகு வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டது.

குளித்துக் கரையேறிய யானைகள் ஈரம் காயுமுன் முதுகில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது அன்று தொடங்கிய வழக்கம்தான். குட்டியோடு வரும் தாய் யானை மட்டும் முதலில் வாரும் மண்ணைத் தனக்கென்று வைத்துக்கொள்வதில்லை.