வண்டிக்கு வைத்த பொட்டு

மடத்துக்குக் கார் வந்திருந்தது. ஓட்ட ஆள் வேண்டாம், தானே ஓடும். யாரோ ஒரு பக்தர் கொடுத்தது. அடிவாரத்து ஜனம் மொத்தமும் வாசலில் திரண்டுவிட்டது.

"ஸ்டீயரிங் தானா சுத்துமாம்ல!"

"உள்ள பேய் பிசாசு எதுவும் உக்காந்திருக்கப் போகுது. ஆத்தா சத்தியமா நான் ஏற மாட்டேன்பா."

ஒருத்தரும் ஏறவில்லை. வீட்டுக்குப் போகவும் இல்லை.

எல்லோரையும்விட வயிறெரிந்தவர் பிச்சைமணி. மடத்தின் தலைவியான அம்மாவின் சீடர், வயதில் அம்மாவுக்கு மூத்தவர், மடத்து ஜீப் டிரைவர். அம்மாவை மலைப்பாதையில் ஏற்றிப் போவதுதான் அவருடைய பூஜை, தவம், எல்லாம். கொஞ்ச நாளாக அவர் கண்ணில் புகை படிந்த மாதிரி இருந்தது. எதிரே வருவது லாரியா வேனா என்பது கிட்டத்தில் வந்தால்தான் தெரியும். வெளியே சொன்னால் ஜீப் சாவி கைவிட்டுப் போகும். சொல்லவில்லை.

"தாயே, இந்த இரும்பை நம்பியா மலை ஏறப் போறீங்க?" என்றார்.

"முதல்ல பூஜையைப் போடுங்கண்ணே" என்றாள் அம்மா.

பூஜை என்றால் பிச்சைமணிக்குக் கை நிற்காது. கோபம் வேறு, பக்தி வேறு. விளக்குக்கு, சக்கரத்துக்கு, கதவுக்கு என்று சந்தனமும் குங்குமமும் அப்பினார். வண்டியைச் சுற்றிலும் சின்னச் சின்னக் கண்ணாடிக் குமிழ்கள் இருந்தன. வண்டி அவற்றால்தான் வழி பார்க்கிறது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? ஒவ்வொன்றுக்கும் பெரிய பொட்டாக வைத்துவிட்டார்.

அம்மாவும் பிச்சைமணியும் ஏறி உட்கார்ந்தார்கள். அம்மா வண்டியைப் போகச் சொன்னாள்.

"என்னால் பார்க்க முடியவில்லை. நகர மாட்டேன்" என்றது வண்டி.

கூட்டம் பதறிப் பின்வாங்கியது. பிறகு ஒரே சிரிப்பு.

"இவ்வளவுதானா இதோட சூரத்தனம்!"

பிச்சைமணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தீங்களா தாயே! நம்ம ஜீப் என்னைக்காவது இப்படி மக்கர் பண்ணியிருக்கா?"

அம்மா இறங்கினாள். காவி முந்தானையால் குமிழ்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். மறுபடி ஏறிக்கொண்டாள்.

ஸ்டீயரிங் தானாகத் திரும்பியது. சிரித்த வாயெல்லாம் அடைத்துப்போனது. ஒரு பெரியவர் கும்பிட்டே விட்டார்.

மலையில் முதல் வளைவு. வண்டி திடீரென்று வேகம் குறைந்து நின்றது. ஏன் என்று பிச்சைமணிக்குப் புரியவில்லை. முன்னால் குனிந்து, கண்ணை இடுக்கிப் பார்த்தார். நடுரோட்டில் ஒரு ஆட்டுக்குட்டி. அது துள்ளி ஓரமாகப் போகும்வரை வண்டி காத்திருந்தது. போனதும் பூப்போல நகர்ந்தது.

அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "யம்மாடி! என்ன தாயே இது, அதிசயமா இருக்கு!" என்றார். கொஞ்ச தூரம் போனதும் மனசு கேட்கவில்லை. "இருந்தாலும் மனுசன் இல்லாத வண்டி. இதை எப்படி நம்புறது?"

"பாக்க முடியலன்னு அத்தனை பேர் முன்னாடி சொல்லுச்சே, அப்பவே நான் நம்பிட்டேன்" என்றாள் அம்மா. "நீங்க எப்பண்ணே சொல்லப் போறீங்க?"