வலதுகால் கார்வோன்

ஆடிச் சாரலில் நாகர்கோவில் கல்லூரி ஆய்வகமே தூக்கத்தில் மிதந்தது. குப்பி கழுவும் சவுரியம்மாள் கைபட்டு, கார்வோன் என்ற வாசனை எண்ணெய்க் குப்பிகள் இரண்டின் லேபிளும் நனைந்து உதிர்ந்தன.

பேராசிரியர் தாணுலிங்கம் குதித்தார். "ரெண்டும் எனான்ஷியோமர்! ஒரே எடை, ஒரே கொதிநிலை. மெஷின் இல்லாம என்னாலயே பிரிக்க முடியாது. நீ பிரி, இல்லாட்டி நாளைக்கு வராதே!"

அவள் கண்மூடி முகர்ந்தாள். ஒன்றில் மழை நனைத்த புதினாப் பாத்தி விரிந்தது. மற்றதில் பிள்ளை பெற்ற வீட்டுச் சதகுப்பை மணந்தது. எது புதினா, எது சதகுப்பை என்று அவள் சொன்னதும், பக்கத்தில் நின்ற மாணவி ஒருத்தி புத்தகம் புரட்டி, "சரிதான் சார், ரெண்டுக்கும் அந்த மணம்தான் போட்டிருக்கு" என்றாள்.

"குருட்டு அதிர்ஷ்டம்! எனான்ஷியோமர்னா அர்த்தம் தெரியுமா?"

"ஷூவைக் கால் மாத்திப் போட்டு நடங்க சார், சொல்லுதேன்."

வீம்புக்குப் போட்டவர் நொண்டினார்.

"ஒரே தோல், ஒரே எடை. ஒண்ணு மத்ததோட கண்ணாடி நிழல். உங்க காலுக்குத் தெரியுதுல்லா? அப்படித்தான் என் மூக்குக்கும்."