பிரசங்க நேரத்துல ஓடுன வேதக்கண்ணு

காலை என் மேலேர்ந்து எடுட்டி, அப்பதான் சொல்லுவேன். ம் கொட்டணும். கொட்டலன்னா நிறுத்திருவேன்.

ஒரு ஊர்ல ஒரு ஆடு இருந்துச்சு. நல்ல ஆடுதான், ஆனா சேலை திங்கும். அது வேதக்கண்ணு மாமாவோட ஆடு. பக்கத்து வீட்டு ஞானப்பூ அத்தை பண்டிகைச் சேலையைக் கொடியில காயப் போட்டாவளா, சரக் சரக்குன்னு முந்தானை பூராத்தையும் தின்னுட்டு "மே"ன்னுச்சு. அப்போ அத்தை, "இனி உங்க வீட்டுப் பச்சத்தண்ணி என் தொண்டையில இறங்காது"ன்னுட்டாவ. ஏழு வருசம் பேச்சே இல்ல.

அப்புறம் ஒரு நாள் அத்தை கிணத்தடியில வழுக்கி, தொபுக்கடீர்னு விழுந்து, கால் ஒடிஞ்சுபோச்சு. ஒத்தக்கட்டை, பாவம். எலும்பு கூடணும்னா கறிச்சாறு குடிக்கணும்னு வைத்தியர் சொல்லிட்டாரு. கறிக்கு எங்க போறது?

ம் சொல்லு. ஆங்.

மாமாவும் ஏழைதான். வாரம் பூரா கஞ்சி, ஞாயித்துக்கிழமை மட்டும் கால் கிலோ எலும்புக்கறி. அதைச் சாறு வச்சு அத்தைக்குக் குடுத்துரணும்னு நினைச்சாரு. ஆனா யாரு குடுத்ததுன்னு தெரிஞ்சா அத்தை தொட மாட்டாவளே. தெருவுல ஆள் இல்லாத நேரம் எது? ஊரே வேதக்கோயில்ல உக்காந்து பாதிரி ஐயரோட பிரசங்கம் கேக்குற நேரம்.

முத ஞாயிறு ஐயர் ஆரம்பிச்சதும் மாமா எந்திரிச்சு தபதபதபன்னு ஓடுனாரு. தூக்குச்சட்டியை அத்தை கட்டில் பக்கத்து ஜன்னல்ல வச்சு, டங்குன்னு தட்டிட்டு, குனிஞ்சுக்கிட்டே ஓடியாந்துட்டாரு. யாரோ கோயில்காரவ குடுத்துவிட்டதுன்னு அத்தை சாப்பிட்டாவ. கோயில்ல என்ன பேசுனாவ? "அண்ணாச்சிக்கு வயித்தால போகுது."

ரெண்டாவது ஞாயிறும் தபதபதப. திரும்பி வந்தா ஒரு பொம்பள ஓமத்தண்ணியோட நிக்கா. எல்லாரும் பாக்க மடக்கு மடக்குன்னு குடிச்சாரு. வெள்ளை வேட்டி கட்டி வேதபாடம் வாசிக்கிற மனுசன்ட்டி அவரு. "இனி வாசிக்க வேண்டாம், வாசல் பக்கமா உக்காருங்க, ஓட வசதி"ன்னுட்டாவ.

மூணாவது ஞாயிறும் தபதபதப. திரும்பி வந்தா சபையே முழங்கால் போட்டு இருக்கு. "ஆண்டவரே, வேதக்கண்ணுவோட வயித்தைக் கட்டும்"னு ஐயர் ஜெபிக்காரு. சின்னப்பிள்ளைங்க கிகிகின்னு சிரிக்குதுவ. சொல்லிரலாமான்னு மாமாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொன்னா அத்தை சட்டியைத் தூக்கி எறிஞ்சிருவாவ, எலும்பு கூடாமப் போயிரும். "ஆண்டவரே, அவ நடந்தா போதும், என் பேரு நாறுனா நாறட்டும்"னு மனசுக்குள்ள சொல்லிட்டு, எல்லாரையும் விடச் சத்தமா ஆமென் சொன்னாரு.

நீ சிரிக்கியா, தூங்குதியா? ம்.

அன்னைக்கு மத்தியானம் பொம்பளையாளுவ அத்தையைப் பாக்கப் போயி, இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாவ.

"பிரசங்க நேரத்துலயா ஓடுதாரு?"ன்னு அத்தை கேட்டாவ.

"ஆமா மதினி, மூணு வாரமா."

அத்தை மடியில அந்தத் தூக்குச்சட்டி, பாதி சாப்பிட்டபடி இருக்கு. எல்லாரும் போன பெறகு அதையே ரொம்ப நேரம் பாத்தாவ. அழுதாவ. அப்புறம் மிச்சத்தையும் வழிச்சுச் சாப்பிட்டாவ.

கால் கூடிருச்சு. கம்பு ஊனிக்கிட்டு கோயிலுக்கு வந்தாவ. ஐயர் பிரசங்கம் ஆரம்பிச்சாரு. அப்போ டொக், டொக், டொக். யாருன்னு பாத்தா, அத்தை வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வெளிய போறாவ.

"இவளுக்கும் வந்துட்டா"ன்னு எல்லாரும் தலையில கை வச்சாவ. ஐயர் மறுபடியும் முழங்கால் போடச் சொல்லிட்டாரு.

ஆராதனை முடிஞ்சு மாமா வீட்டுக்குப் போனா, வாசப்படியில ஒரு சட்டி மீன்குழம்பு, ஆவி பறக்க. அவருக்கு அழுகையும் வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு. படியிலயே உக்காந்து தின்னாரு. ஊர்க்காரவ இன்னைக்கும் அந்த ரெண்டு வயித்துக்காவயும் ஜெபம் பண்ணிக்கிட்டுத்தான் இருக்காவ.

கதையும் தின்னாச்சு, கையும் கழுவியாச்சு. கண்ணை மூடுட்டி.